அச்சில் இருந்ததா, காசுக்கு நேர்ந்ததா?

கேள்வி: பத்து வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகள் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். போன மாதம் இங்கே ஒரு நாணயக் கண்காட்சியில், 1827ஆம் ஆண்டு அச்சான அமெரிக்க அரை டாலர் வெள்ளிக் காசு ஒன்றை வாங்கினேன். அது இருந்த சின்னக் காகித உறையின் மேல் பென்சிலால் ‘ஓ-127, ஆர்-4’ என்று எழுதியிருக்கிறது. விற்றவரைக் கேட்டபோது, “அது வெரைட்டி எண். அரிய காசு, அதனால்தான் விலை கொஞ்சம் கூடுதல்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆண்டில் உள்ள 2 அடியில் சுழித்திருக்கிறது. இடப்பக்க நட்சத்திரம் ஒன்றிலிருந்து தொப்பி வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. கன்னத்தில் ஒரு கீறல். ஓரத்தில் ஏதோ எழுத்துகள் தெரிகின்றன. நகைத் தராசில் 13.3 கிராம் காட்டியது. இந்த எண்ணுக்கு என்ன பொருள்? அது சரிதானா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? காசு அசல்தானா? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். தேய்க்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா விபூதியை எடுப்பதற்குள். தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. பழைய காசுக்கு அதுவே காயம். இருநூறு ஆண்டுகளாக வெள்ளியின் மேல் படிந்த சாம்பல் நிறம் அதன் தோல் மாதிரி. தேய்த்தால் தோலோடு காசின் மேற்பரப்பும் சேர்ந்து போகும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஏதாவது ஒட்டியிருந்தால், சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் உலரவிடலாம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இனி எண்ணுக்கு வருவோம். அது புரிய, 1827இல் ஃபிலடெல்ஃபியா மின்ட்டில் ஒரு காசு எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும். உங்கள் காசில் உள்ள லிபர்ட்டியின் தலை, ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் ரைக் என்ற செதுக்குநர் 1807இல் கொண்டுவந்த வடிவத்தின் வழிவந்தது. தலை முழுவதும் ஒரே மூல அச்சிலிருந்து எஃகு அச்சில் இறக்கப்பட்டுவிடும். ஆனால் சுற்றியிருக்கும் 13 நட்சத்திரங்களும், கீழே உள்ள ஆண்டின் நான்கு இலக்கங்களும், பின்பக்கத்து எழுத்துகளும் அப்படியல்ல. ஒரு தொழிலாளி குத்துளியைப் பிடித்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்து இறக்கியவை அவை. மனிதக் கை ஒரே இடத்தில் இரண்டு முறை அடிப்பதில்லை. ஓர் அச்சில் முதல் நட்சத்திரம் சற்று மேலே ஏறும், இன்னொன்றில் 8 கொஞ்சம் சாயும், வேறொன்றில் ஒரு எழுத்து பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நிற்கும்.

எஃகு அச்சுகள் நெடுநாள் தாங்கவில்லை. விரிசல் விட்டன, உடைந்தன. 1827இல் மட்டும் 54,93,400 அரை டாலர்கள் அடித்தார்கள். அதற்கு முன்பக்க அச்சுகளும் பின்பக்க அச்சுகளும் மாறி மாறிச் சேர்ந்து கிட்டத்தட்ட ஐம்பது ஜோடிகள் வேலை செய்திருக்கின்றன. அந்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு ‘வெரைட்டி’. ஒரே பின்பக்க அச்சு வேறொரு முன்பக்கத்தோடு சேர்ந்தால், அது தனி வெரைட்டி, தனி எண். நீங்கள் கம்பெனிக் காசு சேர்த்தவர். 1835ஆம் ஆண்டு வில்லியம் மன்னர் ரூபாயில், கழுத்தடியில் எஃப் எழுத்து இருக்கிறதா, ஆர்.எஸ். இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இது. இங்கே எழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் இடைவெளியையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

‘ஓ’ என்பது ஓவர்ட்டன். ஆல் ஓவர்ட்டன் 1967இல் வெளியிட்ட நூல், 1794 முதல் 1836 வரையிலான அரை டாலர்களின் அச்சு ஜோடிகளை ஆண்டுவாரியாக எண்ணிட்டது. அவருக்கு முன்பே 1929இல் பீஸ்ட்டில் ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஓவர்ட்டனுக்குப் பிறகு டான் பார்ஸ்லி அந்த நூலைத் திருத்தித் திருத்திப் பதிப்பித்தார். ஒவ்வோர் ஆண்டும் எண் 101இல் தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் சிறிய ‘ஏ’ வந்தால், அதே ஜோடிதான், ஆனால் அச்சு தேய்ந்தோ விரிசல் விட்டோ போன பின்நிலையில் அடித்தது என்று பொருள். மற்ற வெள்ளிக் காசுகளுக்கும் இதுபோல ஆட்கள் உண்டு. கால் டாலருக்கு 1925இல் பிரவுனிங், முழு டாலருக்கு 1950இல் போலண்டர். பத்து சென்ட் டைமுக்கு 1984இல் ஐவர் சேர்ந்து எழுதிய நூல். டைம்களின் எண்ணுக்கு முன்னால் வரும் ‘ஜே.ஆர்.’, அந்த ஜான் ரைக்கின் பெயரால் அமைந்த சேகரிப்பாளர் சங்கத்தைக் குறிக்கும்.

‘ஆர்-4’ அரிதின் அளவு. வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் அது, பிறகு வெள்ளிக்கும் பரவிவிட்டது. ஆர்-1 என்றால் ஆயிரத்துக்கு மேல் எஞ்சியிருக்கின்றன என்று மதிப்பீடு. ஆர்-4 என்றால் சுமார் 81 முதல் 200 வரை. ஆர்-5க்கு 31 முதல் 80, ஆர்-6க்கு 13 முதல் 30, ஆர்-7க்கு 4 முதல் 12. ஆர்-8 என்றால் மூன்றுக்கு மேல் இல்லை. இவை மதிப்பீடுகள்தாம், புதிதாகக் காசுகள் கண்ணில் படப்பட எண் இறங்கும். இன்னொன்று: ஆர் எண் விலையைச் சொல்வதில்லை. இருநூறு காசுகளே எஞ்சியிருந்தாலும், அதைத் தேடுகிறவர்கள் ஐம்பது பேர்தான் என்றால் விலை ஏறாது. பெரும்பாலோருக்குக் காசின் நிலையும் பார்வைக்கு அது எப்படி இருக்கிறது என்பதும்தான் முக்கியம். ஆர்-4 என்று எழுதிவிட்டால் மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் காசு. நீங்கள் அனுப்பிய படத்தில் முதலில் என் கண்ணில் பட்டதும் நீங்கள் சொன்ன அந்த 2தான். 1827ஆம் ஆண்டு அரை டாலர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 2இன் அடி நேராக, சதுரமாக இருக்கும். சிலவற்றில்தான் அடி சுழித்து வளையும். உங்கள் காசின் 7க்கு அடியில் பழைய 6இன் மிச்சம் எதுவும் தெரியவில்லை. அப்படியானால், நீங்கள் தேட வேண்டியது ஐம்பது வீடுகள் உள்ள தெருவில் இரண்டே வீடுகள்: ஓ-146, ஓ-147. ஓ-127 சதுர அடி 2 கொண்டது. ஆக, உறையில் இருக்கும் எண் உங்கள் காசுடையது அல்ல.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. காசும் உறையும் கைமாறும்போது இடம் மாறுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முன்னால் வைத்திருந்தவர் அவசரத்தில் தவறாகப் படித்திருக்கலாம். படத்தை விற்றவருக்கு அனுப்பி, 2இன் அடியைக் காட்டி, நிதானமாகக் கேளுங்கள். பெயர் காக்கும் வியாபாரி ஒத்துக்கொள்வார். எண்ணுக்காகக் கூடுதல் பணம் வாங்கியிருந்தால் அதைப் பற்றியும் பேசலாம். தரம் பார்த்து முத்திரையிடும் நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் வெரைட்டி எண் போடாமலோ தவறாகப் போட்டோ வரும் காசுகள் உண்டு. இந்தத் துறையில் ஊறியவர்கள் அந்தத் தவறுகளைத் தேடித்தான் கண்காட்சிக்குப் போகிறார்கள்.

146ஆ 147ஆ என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆண்டு: நான்கு இலக்கங்களுக்கு இடையிலான இடைவெளி, எந்த இலக்கம் உயர்ந்து நிற்கிறது என்பது. அடுத்து நட்சத்திரங்கள்: இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு. ஒவ்வொன்றும் தலையையும் விளிம்புப் பற்களையும் எப்படி நோக்குகிறது, முதல் நட்சத்திரம் மார்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காசைத் திருப்புங்கள். கழுகுக்கு மேலே சுருள் பட்டையில் ‘இ ப்ளுரிபஸ் யூனம்’ என்று இருக்கும். அதற்கு மேலே நாட்டின் பெயர். மேலே உள்ள ஓர் எழுத்து கீழே உள்ள எந்த எழுத்துக்கு நேராக வருகிறது என்பது அச்சுக்கு அச்சு மாறும். பின்பக்கத்தைப் பிரிக்க இதைவிட நல்ல சாவி இல்லை. கேடயத்தின் செங்குத்துக் கோடுகளையும், கீழே ‘50 சி.’ நிற்கும் இடத்தையும் கடைசியாகப் பாருங்கள். நான்கைந்து குறிப்புகள் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தால் அதுதான் விடை. மூன்று பொருந்தி ஒன்று முரண்பட்டால், விடை அதுவல்ல. இதற்கு ஓவர்ட்டன் நூல் வேண்டும். கிடைக்கும் வரை, பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் படங்களை இணையத்தில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இதைச் செய்யும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்: நான் பார்ப்பது அச்சில் இருந்ததா, காசுக்குப் பிறகு நேர்ந்ததா? இந்தத் துறையில் தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நட்சத்திரத்திலிருந்து தொப்பிக்கு ஓடும் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒற்றை மேசை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அது அச்சு விரிசல். எஃகு அச்சு பிளந்த இடத்துக்குள் வெள்ளி ஏறிக் கோடாக எழும்பியிருக்கிறது. பள்ளமாக இருந்தால் யாரோ கீறியது. படத்தின் நிழலைப் பார்த்தால் மேடுதான் என்று படுகிறது. கன்னத்தில் இருப்பது பள்ளம். அது காலம் போட்ட கோடு, எண்ணைக் கண்டுபிடிக்க அது உதவாது. விரிசல் அப்படியல்ல, அது உங்கள் சாட்சி. ஒரே அச்சிலிருந்து வந்த காசுகளில் விரிசல் இல்லாதது முதலில், சின்ன விரிசல் அடுத்து, பெரிய விரிசல் கடைசியில் என்று அடித்த வரிசையையே அடுக்கிவிடலாம். 1807இல் ஓர் அச்சு லிபர்ட்டியின் தாடைக்கடியில் விரிசல் விட்டது. அதிலிருந்து வந்த காசுகளில் சுதந்திர தேவிக்குத் தாடி முளைத்தது போல் இருக்கும். சேகரிப்பாளர்கள் அதைத் ‘தாடிக்கார தேவி’ என்றே அழைக்கிறார்கள்.

விரிசலைப் போலவே, குத்துளிகளின் தவறும் அச்சில் தங்கிவிடும். எஃகு விலை உயர்ந்தது. தவறாக அடித்ததைத் தூக்கி எறியாமல், மேலேயே சரியானதை அடித்துவிடுவார்கள். 1807இல் ஒருவர் 50 போட வேண்டிய இடத்தில் 2ஐ அடித்துவிட்டு, அதன் மேல் 5ஐ அடித்தார். அடியில் 2 இன்றும் தெரிகிறது. 1814இல் ஸ்டேட்ஸ் என்ற சொல்லில் ஈ போட வேண்டிய இடத்தில் ஏ விழுந்து, பிறகு ஈ மேலேறியது. பழைய ஆண்டின் அச்சையே திருத்திப் பயன்படுத்துவதும் வழக்கம். 1815 என்று ஆண்டு போட்ட அரை டாலர்கள் 47,150தான், எல்லாவற்றிலும் 5க்கு அடியில் 2 தெரியும். 1816 ஜனவரியில் மின்ட்டில் தீப்பிடித்தது; அந்த ஆண்டு எழுதிய அரை டாலரே கிடையாது. 1817இல் 4இன் மேல் 7 அடித்த அச்சு சீக்கிரமே பிளந்துபோனது. அதிலிருந்து வந்தவை இன்று ஒரு டஜன் அளவுக்குத்தான் தெரியும்.

‘மேடு என்றால் அச்சு, பள்ளம் என்றால் சேதம்’ என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அக்கால மின்ட்டில், அடிப்பதற்கு முன் வில்லைகளை எடைபோட்டு, கூடுதலாக இருந்தால் அரத்தால் ராவி எடையைக் குறைப்பார்கள். அந்த அரக் கோடுகள் இணையாக, பெரும்பாலும் விளிம்போரமாகவோ, அச்சின் ஆழமான பகுதிக்கு நேராகவோ தங்கிவிடும். பள்ளம்தான், ஆனால் மின்ட்டின் கைவேலை. 1790களின் காசுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம், அதற்காகக் காசை ஒதுக்கிவிட வேண்டாம்.

அசலா போலியா என்றால், நீங்கள் சொன்ன எடை நல்ல செய்தி. சட்டப்படி அரை டாலரின் எடை 208 கிரெய்ன், அதாவது 13.48 கிராம். வெள்ளி ஆயிரத்துக்கு 892.4 பங்கு, மீதி செம்பு. புழங்கித் தேய்ந்த காசு 13.3 கிராம் இருப்பது இயல்பு. இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 1.29 கிராம் அளவுக்குக் காட்டினால், 13.3ஐ அதால் வகுக்க அடர்த்தி 10.3. இந்தக் கலவை வெள்ளிக்கு அதுதான் வர வேண்டும். 1830களிலேயே இந்த அரை டாலருக்குப் போலிகள் புழங்கின, ஜெர்மன் சில்வரில் செய்தவையும் உண்டு. கல்யாணத்தில் தாம்பாளமாக வரும் அதே ஜெர்மன் சில்வர்தான், அதில் வெள்ளி துளியும் இல்லை. அந்த உலோகமாக இருந்தால் தராசு ஒன்றரை கிராமைத் தொட்டுவிடும்.

ஓரத்தில் நீங்கள் பார்த்த எழுத்துகள் ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்பவை. அச்சடிப்பதற்கு முன்பே, வில்லையை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் உருட்டி எழுத்தை ஏற்றினார்கள். அந்தக் கருவிக்குக் காஸ்டாங் என்று பெயர். உருட்டும்போது வில்லை வழுக்கினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 1809இல் சொற்களுக்கு நடுவே எக்ஸ் வடிவக் குறிகளும் நேர்கோடுகளும் வந்த ஓரங்களைத் தனியாகவே சேர்க்கிறார்கள். 1836இன் கடைசியில் நீராவி இயந்திரம் வந்து ஓரத்தில் கோடுகள் போட்டு அடிக்கத் தொடங்கியதும் எழுத்து ஓரம் போய்விட்டது. ஆகவே 1827 காசில் ஓரம் மொட்டையாகவோ கோடு போட்டோ இருந்தால் கையைக் கூட வைக்க வேண்டாம். வெள்ளியிலேயே செய்த இன்றைய போலிகளும் உண்டு. அங்கே எடை உதவாது, அச்சு ஜோடிதான் உதவும். உங்கள் காசின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்த ஜோடி எந்த நூலிலும் இல்லையென்றால், நீங்கள் ஒரு புது வெரைட்டியைக் கண்டுபிடித்திருக்கலாம், அல்லது போலியை வாங்கியிருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை இரண்டாவதுதான்.

தொடர்ந்து சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அரை டாலரில் தொடங்கியது நல்லது. 1804இல் வெள்ளி டாலர் அடிப்பது நின்றுபோனது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அரை டாலர்தான் நாட்டின் மிகப்பெரிய வெள்ளிக் காசு. வங்கிகள் அதைப் பை பையாகக் கட்டி இருப்பாக வைத்தன, வங்கிக்கு வங்கி மூட்டையாகவே மாற்றிக்கொண்டன. சந்தையில் அதிகம் உருளாததால் ஏராளமாகப் பிழைத்திருக்கிறது. 1807 முதல் 1836 வரை ஏறக்குறைய 450 ஜோடிகள், பெரும்பாலானவை சாதாரண விலையில் கிடைக்கும். டாலரின் கதை வேறு. 1794இல் ஒரே ஒரு அச்சு ஜோடியில் அடித்த 1,758 டாலர்களில் ஒன்று 2013இல் ஒரு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டி ஏலம் போனது. அந்தப் பக்கம் நாம் படத்தில் பார்த்துக்கொண்டால் போதும். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே அரை டாலர் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, பெயரே அப்படித்தான்: பஸ்ட் ஹாஃப் நட் கிளப். நூறு வெவ்வேறு ஜோடிகள் கையில் இருந்தால்தான் உறுப்பினராகலாம். உங்களிடம் ஒன்று இருக்கிறது.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எண் தவறானாலும், காசு யார் யார் கைக்குப் போயிற்று என்பதற்கு அதுதான் தடம். பக்கத்தில் புது உறை ஒன்றை வையுங்கள். அதில் எண்ணை முதலில் எழுத வேண்டாம். 2இன் அடி சுழித்தது, முதல் நட்சத்திரம் மார்புக்கு இவ்வளவு அருகில், சுருளில் இந்த எழுத்து அந்த எழுத்துக்கு நேர், தொப்பி வரை மேடான விரிசல், கன்னத்தில் பள்ளமான கீறல் என்று கண்ணால் கண்டதை வரிசையாக எழுதுங்கள். எண்ணைக் கடைசி வரியில் போடுங்கள், அதையும் பென்சிலில். உங்களுக்குப் பிறகு வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா?